பெயர் எழுதாத பை

பிறந்த வீட்டுக்கு வருகிற மகள் பழம் வாங்கிக்கொண்டு வருவாள், இனிப்பு வாங்கிக்கொண்டு வருவாள். சனாயே குப்பைப் பை வாங்கிக்கொண்டு வந்தாள். ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில், அந்த ஊர் நிர்வாகம் விற்கிற கண்ணாடிப் பாலிதீன் பை, பெரிய அளவு, நாற்பது. உள்ளே கிடப்பது வெளியே தெரியவேண்டும் என்பது ஊர் விதி. ஒவ்வொரு பையின் மேலும் பெயர் எழுத வெள்ளைப் பட்டை ஒன்று அச்சடித்திருக்கும்.

நவம்பர் மாதம், புதன்கிழமை, காலை ஒன்பதரை. கடலிலிருந்து மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. நீகாட்டா பக்கத்து மழைக்கு நின்று போகிற பழக்கம் கிடையாது. ஐந்து நிமிஷம் நடந்து, சாவியைப் போட்டு, இழுப்புக் கதவைத் தள்ளினாள். பாச்சை உருண்டை வாசமும் பழைய காகித வாசமும் முகத்தில் வந்து மோதின.

கால் வைக்க இடமில்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் அம்மா கிக்குயோ வீட்டைக் குப்பையாக வைத்திருக்கவில்லை. தோஃபு வாங்கிய டப்பாக்கள் கழுவித் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக உத்தரம் வரைக்கும். பரிசுப் பொட்டலத்துக் காகிதங்கள் சுருக்கம் நீவி மடித்து, கட்டுக் கட்டாக. அரை முழக் கயிறுகூடச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தாள். சாவு வீடுகளில் கொடுத்த துண்டுகள், பிரிக்காத அட்டைப் பெட்டியோடு. நடுவில் ஒற்றையடிப் பாதை ஒன்று, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துதான் போகமுடியும். ஐம்பது வருஷமாக இந்தப் பொம்பிளை ஒரு நூலைக்கூட வெளியே போட்டதில்லை.

ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. சனாயேயும் கேட்டதில்லை. பதினெட்டு வயதில் சைத்தாமாவுக்கு ஓடிப்போன பிறகு, அம்மா வீடு என்றாலே அவளுக்கு மூச்சு முட்டும்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு. சூப்பர் மார்க்கெட்டில் சமைத்த பண்டங்கள் பிரிவில் வேலை. இரவு பத்தடித்தால் மிச்சமிருக்கிற சாப்பாட்டுப் பெட்டிகளை எண்ணிப் பார்க்காமல் கொட்டவேண்டும். பத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் அது பொரித்த மீன், ஒரு நிமிஷம் கழித்து அது குப்பை. மீனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, மணிதான் ஆகியிருக்கும். முதல் மாதம் அழுதாள். அப்புறம் கை பழகிவிட்டது. அதனால்தான் அண்ணன் மித்சுஹரு ஒசாகாவில் உட்கார்ந்துகொண்டு, "தூக்கிப் போடறதுக்கு உன்னை விட்டா ஆள் ஏது" என்று சிரித்துக்கொண்டே இந்த வேலையை அவள் தலையில் கட்டினான்.

அம்மா செத்துப்போகவில்லை. அதுதான் விஷயம். வசந்தத்தில் குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்து, பஸ்ஸில் அரைமணி தூரத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். எண்பத்து நாலு வயதில் உடம்புதான் போயிற்றே தவிர புத்தி கத்தி மாதிரி. வீட்டை இடித்து நிலமாக எடுத்துக்கொள்ள ஓர் ஆள் அகப்பட்டார். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற அம்மாவின் முத்திரை அண்ணனிடம் இருந்தது. இருபதாம் தேதிக்குள் காலி செய்து தருவதாகக் குத்திக் கொடுத்துவிட்டான். அம்மாவிடம் ரெண்டு பேரும் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் பார்க்கப் போனபோது கிக்குயோ கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"வீடு அப்படியே இருக்கா?"

"அப்படியேதாம்மா இருக்கு."

"எதையும் எடுத்துக் கிடுத்துப் போட்டுடாதே. நான் வந்து பார்த்துக்கறேன்."

"யாரும்மா தொடப்போறா" என்றாள் சனாயே. அவள் விரல் நகத்துக்குள் அந்த வீட்டுத் தூசி கறுப்பாக இருந்தது. கையைப் போர்வைக்கடியில் ஒளித்துக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் நகத்துக்குள்ளிருந்த தூசியைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். இறங்கியதும் வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

வியாழன் முழுக்க எட்டுப் பை நிரம்பியது. முதலில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டாள். மத்தியானத்துக்குமேல் இடுப்பு ஒடிந்தது, பொறுமை போயிற்று. அம்மாவின் துணி அலமாரியில் கடைசி இழுப்பறையை உருவி, என்ன ஏதென்று பார்க்காமல் அப்படியே பைக்குள் கவிழ்த்தாள். சடசடவென்று ஏதேதோ விழுந்தன. இறுக்கி ரெட்டை முடிச்சுப் போட்டாள். வெள்ளைப் பட்டையில் தடித்த பேனாவால் 'நெசு' என்று வீட்டுப் பெயரை எழுதினாள்.

அந்தத் தெருவில் எரிகிற குப்பைக்குச் செவ்வாயும் வெள்ளியும். காலை எட்டு மணிக்குள் முனையில் பச்சை வலைக்கடியில் வைத்துவிட வேண்டும், காக்கை கொத்தாமல் இருக்க. அந்த மாதம் குப்பை முனையைக் காக்கிற முறை எதிர்வீட்டு ஹிராய் அத்தைக்கு. எழுபத்தாறு வயது, விவசாயத் தொப்பி, கையில் துடைப்பம். மற்றவர்கள் முறைக்கு நிற்பார்கள், ஹிராய் அத்தை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பாள். யார் வீட்டில் எந்தத் தைலம் தீர்ந்தது, யார் புருஷன் எத்தனை பீர் குடித்தான் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பை கண்ணாடியாக இருந்தால் ஊரும் கண்ணாடிதான்.

"அம்மா கண்ணுல பட்டா நெஞ்சு வெடிச்சிருவா" என்றாள் எட்டுப் பையையும் பார்த்துவிட்டு. சனாயே வலையை இழுத்து மூடினாள்.

ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. ஏழு பையை எடுத்துக்கொண்டு போயிற்று.

ஒன்று நின்றது.

அதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. எடுக்க முடியாத பைகளுக்கு ஒட்டுகிற சீட்டு. தப்பான கிழமை, தப்பான வகை, கத்தி கண்ணாடி என்று காரணங்கள் வரிசையாக அச்சடித்திருக்கும், எதுவோ அதில் டிக் போடுவார்கள். இதில் கடைசிக் காரணத்தில் டிக் போட்டிருந்தது. பெயர் எழுதப்படவில்லை.

சனாயே குனிந்து பார்த்தாள். பட்டை வெள்ளையாக இருந்தது. மசி அழிந்த தடம்கூட இல்லை.

மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஹிராய் அத்தை துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "எழுதியிருந்துச்சேடி, நான்தான் பார்த்தேனே" என்றாள்.

பையை இழுத்துக்கொண்டு வந்து செருப்பு விடுகிற இடத்தில் போட்டுவிட்டு, உள்ளறையில் கயிற்றுக் கட்டுகளோடு மல்லுக்கட்டப் போனாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பகல் பதினொரு மணிதான், ஆனால் ஜன்னலை மறைத்து அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்ததால் விளக்குப் போட வேண்டியிருந்தது.

சரக்.

எலி என்று நினைத்தாள். காதைக் கொடுத்தாள்.

சரக். சரக்.

பாலிதீன் நெரிகிற சத்தம். எலி சுரண்டினால் படபடவென்று இருக்கும். இது மெதுவாக, நின்று நின்று வந்தது. உள்ளே எதுவோ காலை நீட்டி மடக்கிப் பார்க்கிற சத்தம்.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சத்தம் நின்றுவிட்டது. பை கண்ணாடியாக இல்லை. உள்பக்கம் முழுக்க ஆவி படர்ந்து வெள்ளையாகியிருந்தது. தொட்டுப் பார்த்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

நனைந்த துணி ஏதாவது உள்ளே புழுங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். வாசம் வந்தது. அழுகல் வாசம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வந்தது பால் வாசம். அவள் ரெண்டு பெற்றவள், அது எந்தப் பால் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பையைத் தரையில் கொட்டினாள். பழைய உள்சட்டைகள், பொத்தான்கள், மாத்திரை அட்டைகள். அவற்றுக்கு நடுவே உள்ளங்கைக்குள் அடங்குகிற மூன்று சின்ன மரப்பெட்டிகள்.

தொப்புள்கொடிப் பெட்டிகள். பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் கொடியின் காய்ந்த துண்டைப் பஞ்சில் பொதிந்து இப்படிப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். தாய் அதை ஆயுசுக்கும் வைத்திருப்பாள். சனாயேயும் தன் பிள்ளைகளுடையதைப் பீரோவில் வைத்திருக்கிறாள். அவ்வளவு அவசரத்தில் எதைக் கவிழ்த்துவிட்டோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஒரு பெட்டியின் மூடியில் மித்சுஹரு. ஒன்றில் சனாயே. மூன்றாவதில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது. சனாயே பிறப்பதற்கு ரெண்டு வருஷம் முந்தின தேதி. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டாள். மூன்றாவது பெட்டியைப் பற்றிச் சொன்னாள். அவன் மெதுவாகச் சொன்னான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள், தங்கச்சியோடு வருவாள் என்றார்கள், வெறுங்கையோடு வந்தாள். சட்டை முன்பக்கம் ஈரமாக இருந்தது. அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று அப்பா சொன்னார். அவனும் பேசவில்லை, வளர்ந்தபின் மறந்தே போனான்.

"இதை என்ன பண்றது, அண்ணா?"

"அம்பத்தாறு வருஷம் ஆச்சு, சனாயே. அம்மாகிட்ட கொண்டு போய்க் காட்டினா வீட்டைக் காலி பண்ற கதை வெளியே வரும். போட்டுடு."

கோயிலில் கொடுத்து ஓதச் சொல்லலாம். ஊரில் பொம்மைக்குக்கூட அப்படிச் செய்கிறார்கள். தைத்து முறிந்த ஊசிக்குச் செய்கிறார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கோயிலுக்குப் போனால் அங்கிருக்கிற குரு அதை அம்மாவிடம் சொல்லிவிடுவார். அதைவிட, அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தான் செய்கிற காரியம் என்னவென்று அவளுக்கே தெரிந்துகொண்டிருந்தது. அதுதான் தாங்கவில்லை.

தன் பெட்டியையும் அண்ணன் பெட்டியையும் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். மூன்றாவதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு பையின் அடியில் வைத்தாள். மரம் எரிகிற குப்பைதானே. முதல் தடவை தெரியாமல் போட்டாள். இந்தத் தடவை தெரிந்தே போட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஹிராய் அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டையில் 'நெசு' என்று அழுத்தி எழுதினாள். வண்டி வரும்வரை அங்கேயே நின்றிருக்கலாம். தைரியம் வரவில்லை. ஒன்பதரைக்கு வந்து பார்த்தபோது வலைக்கடியில் அது ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது. சிவப்புச் சீட்டு. கடைசிக் காரணத்தில் டிக். பட்டை வெள்ளை.

அதை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்புறம் அவள் செய்ததைத்தான் மன்னிக்கமுடியாது. அந்த ஊரில் திருட்டை மன்னிப்பார்கள், அடுத்த தெருக் குப்பை முனையில் தன் பையை வைப்பதை மன்னிக்கமாட்டார்கள். புதன்கிழமை விடிகிற நேரத்தில், பெட்டியை மட்டும் ஒரு புதுப் பையில் போட்டு, பெயர் எழுதாமல், பாலத்தைத் தாண்டி நடந்தாள். ஆற்றுக்கு அந்தப்புறம் எரிகிற குப்பைக்குப் புதன். பாலத்தின் நடுவில் வரும்போது கைக்குள் ஒரு சத்தம் கேட்டது.

விக்கல்.

நின்றாள். ஆறு இரைந்துகொண்டு ஓடியது.

இன்னொரு விக்கல். பால் குடித்துவிட்டுப் படுத்த பிள்ளைக்கு வருவது மாதிரி, சின்னதாக, வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் பை மெல்ல அதிர்ந்தது.

அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். முதுகில் தட்டிக் கொடுக்கக் கை தானாக எழுந்தது. தட்டவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய், யாரோ வைத்த பைகளுக்கு அடியில் அதைச் செருகிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

வியாழன் காலை வீடு காற்றாடட்டும் என்று கதவைத் தள்ளினாள்.

பை வாசற்படியில் இருந்தது.

சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. அதே டிக். உள்ளே வெண்ணிறமாக ஆவி. பாலிதீனில் ஓர் இடம் மட்டும், ஒரு நாணயம் அகலத்துக்கு, உள்பக்கமாகக் குழிந்தது. எழும்பியது. திரும்பக் குழிந்தது.

எதுவோ வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

காற்றுக்காகவா, பாலுக்காகவா, தெரியவில்லை. முடிச்சை அவள்தான் போட்டிருந்தாள், ரெட்டை முடிச்சு. குனிந்து அவிழ்த்திருக்கலாம். எந்தப் பொம்பிளையும் அவிழ்த்திருப்பாள். சனாயே கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, காலியாகிக்கொண்டிருந்த அறையின் நடுவில் போய், காதை ரெண்டு கையாலும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தம் மத்தியானம் வரைக்கும் கேட்டது. அப்புறம் மெலிந்தது. நின்றபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததே, அதை நினைத்துத்தான் ராத்திரி முழுக்க அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்குக் கிளம்பினாள். இல்லத்தில் ஒன்பதரைக்குத்தான் உள்ளே விடுவார்கள், ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. பையைத் தாண்டித்தான் இறங்கவேண்டும். தொடவும் பயம், கொண்டுபோகவும் பயம். கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிடுவது, வீட்டைக் காலி செய்வதையும் சேர்த்தே சொல்லிவிடுவது, அம்மா அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

கிக்குயோ ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். மகள் தரையில் மண்டியிட்டு, தலை குனிந்து சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். வீடு போனதற்குத் தலையை ஆட்டிக்கொண்டாள். பெட்டி என்றதும் மட்டும் விரல்கள் நாற்காலிப் பிடியை இறுக்கின.

"ஆறு நாள் இருந்தா" என்றாள். "ஏழாம் நாள் ராத்திரி பேர் வைக்கணும். பேரெல்லாம் முடிவு பண்ணியாச்சு. உங்கப்பா நல்ல கையெழுத்துல எழுதி, சுவத்துல ஒட்டத் தயாரா வெச்சிருந்தார். ஆறாம் நாள் காலையில போயிட்டா. பேரில்லாமயே போயிட்டா."

மெதுவாகத்தான் பேசினாள். அவள் வீட்டுக்கு வருவதற்குள் அப்பா அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாராம். அவள் மனசு தாங்காதென்று குழந்தையின் துணி, மெத்தை, கிண்ணம் எல்லாவற்றையும் எரித்துவிட்டாராம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவளுடையது என்று தொட்டுப் பார்க்க ஒரு நூல்கூட வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்டியை மடியில் செருகிக்கொண்டு வந்ததால் அது மட்டும் தப்பியது.

"அதுக்கப்புறம் எதையும் தூக்கிப் போட எனக்குக் கை வரல. எல்லாரும் சிரிச்சாங்க. எது யாருக்கு வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சனாயே தலையை நிமிர்த்தவில்லை. அம்மாவின் கை அவள் தலைமேல் வந்து விழுந்தது. கனமில்லாத கை.

"உன்கிட்டயும் ஒண்ணு மறைச்சுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு நீ பொறந்தே. எழுதி வெச்ச காகிதம் அப்படியே இருந்துச்சு. இவ்வளவு நல்ல பேரை எதுக்கு வீணாக்கணும்னு உங்கப்பா கேட்டார். நானும் சரின்னுட்டேன். சனாயேங்கறது அவ பேரு. அவளைக் கேக்காம எடுத்து உனக்குக் குடுத்துட்டோம்."

அறையில் வெளிச்சம் இருந்தது. வெளியே யாரோ காலைத் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஐம்பத்து நாலு வருஷம் இன்னொருத்தியின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. பயம்கூடப் பின்னால்தான் வந்தது, முதலில் வந்தது அந்தக் குழந்தைமேல் பாவம்.

"அவளைக் கொண்டு வா" என்றாள் கிக்குயோ. "என்கிட்டயே இருக்கட்டும்."

"இன்னிக்கே கொண்டு வரேம்மா." இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் டாக்ஸி பிடித்தாள். தெருமுனையில் இறங்கும்போதே பார்த்துவிட்டாள். வாசற்படி காலியாக இருந்தது. முனையில் வலையை மடித்துக்கொண்டிருந்தாள் ஹிராய் அத்தை.

"இங்கே இருந்த பை எங்கே, அத்தை?"

"போயிடுச்சு. மூணு தடவை திரும்பி வந்துருச்சே, பார்க்கப் பாவமா இருந்துச்சு. வாசல்ல இருந்ததை நானே தூக்கிட்டு வந்து பேரெழுதி வெச்சேன்." தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பெருமையாகச் சிரித்தாள். "வீட்டுப் பேரு எழுதினா ஒட்டல, என்ன மையோ. சரின்னு உன் பேரையே எழுதிட்டேன். சனாயேன்னு. ஜம்முனு ஒட்டிக்கிச்சு. வண்டிக்காரன் மறுபேச்சு பேசாம எடுத்துட்டான்."

நகர நிர்வாகத்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, அந்த வண்டி பத்தே முக்காலுக்கே குப்பை எரிக்கிற உலையில் இறக்கிவிட்டது என்றாள், சிரமத்துக்கு மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னாள். மணி பதினொன்றேகால். அவள் மழையில் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹிராய் அத்தை பதறிப்போய், "ஏம்மா, என்ன ஆச்சு, யாரு நீ, எந்த வீட்டுக்கு வந்தே" என்று கேட்டுக்கொண்டே குடையைப் பிடித்தாள். அவளுக்கு அழுகையில் அது காதில் சரியாக விழவில்லை.

வெறுங்கையோடு இல்லத்துக்குத் திரும்பிப் போனாள். போகாமல் எங்கே போவது. இன்னொரு பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. எரிந்துவிட்டது, என்னால்தான், என்று அந்த ரெண்டு வார்த்தையைப் பஸ் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மத்தியானம் ரெண்டு மணி. மழை விட்டிருந்தது.

அறைக்கு வெளியே நின்ற செவிலிப் பெண் உதட்டில் விரல் வைத்தாள். கிக்குயோ அம்மா இன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார், பதினொன்றேகாலிலிருந்து தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார், சத்தம் போடாமல் போங்கள் என்றாள்.

உள்ளே பால் வாசம்.

கிக்குயோ ஜன்னலோரம் அதே நாற்காலியில் இருந்தாள். மடியில் ஒரு குளியல் துண்டைச் சுருட்டி, இடது கையால் அணைத்து, மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. முகம் நிமிர்ந்தபோது அதில் இருபது வயது குறைந்திருந்தது. காலையில் பார்த்த அதே கண்கள்தான், துளியும் மங்கவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தன.

"அம்மா" என்றாள் அவள்.

"மெதுவா. இப்பத்தான் கண்ணசந்தா, எங்க சனாயே." கிக்குயோ மரியாதையாகப் புன்னகை செய்தாள். "நீங்க யாரும்மா? குழந்தையைப் பார்க்க வந்தீங்களா?"

நான்தாம்மா என்று சொல்லலாம். நான் என்றால் யார் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டும். வாயைத் திறந்தாள். அந்தப் பெயர் வரவில்லை.

"ஆமாங்க" என்றாள் கடைசியில். "பார்க்கத்தான் வந்தேன்."

"கொஞ்சம் பிடிங்களேன், கை மரத்துப்போச்சு" என்று கிக்குயோ துண்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். வெறும் துண்டுதான். ஒரு முனை பிரிந்து தொங்கியது, உள்ளே ஒன்றும் இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"அப்படி இல்லீங்க. தலையைத் தாங்கிப் பிடிங்க."

அவள் கையை மாற்றி வைத்தாள்.

தலை இருந்தது.